டார்வின் இயங்குதளம்

டார்வின் என்பது ஆப்பிளின் மேக்ஓஎஸ், ஐஓஎஸ் ஆகிய இயங்குதளங்களுக்கு அடித்தளமான மென்பொருள். 1999-ஆம் ஆண்டில் ஆப்பிள் இதைத் திறந்த மூல மென்பொருளாக வெளியிட்டது. திரையில் தெரியும் சாளரங்களும் பொத்தான்களும் ஆப்பிளுக்கே சொந்தம். அவற்றின் மூலநிரல் வெளியாருக்குக் கிடைக்காது. அடியில் கிடக்கும் டார்வினிலோ பிறர் எழுதிய நிரல் ஏராளம்.

இதன் மையப் பகுதியான கெர்னலுக்கு எக்ஸ்என்யூ என்று பெயர். அதில் நினைவகத்தையும் பணிகளின் முறைவைப்பையும் கவனிக்கும் மாக், கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவானது. கோப்பு, வலையமைப்பு, பயனர் அனுமதி போன்றவை பெர்க்லியில் வளர்ந்த பிஎஸ்டி யுனிக்ஸின் வழிவந்தவை. இரண்டையும் இணைத்து இந்தக் கெர்னலை முதலில் உருவாக்கியது ஆப்பிள் அல்ல, ஸ்டீவ் ஜாப்ஸ் 1985-இல் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனம். 1997-இல் அதை ஆப்பிள் வாங்கியபோது இந்த அடித்தளமும் கைமாறியது. பிறகு ஃப்ரீபிஎஸ்டியின் புதிய நிரலைக் கொண்டு பழைய பகுதிகள் புதுப்பிக்கப்பட்டன. ஃப்ரீபிஎஸ்டியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜோர்டன் ஹப்பார்டும் 2001-இல் ஆப்பிளில் சேர்ந்தார்.

பிறர் நிரலில் எதை எடுப்பது என்பதைத் தரம் மட்டும் தீர்மானிக்கவில்லை, உரிமமும் தீர்மானித்தது. பதிப்புரிமைக் குறிப்பை நீக்காதவரை பிஎஸ்டி நிரலை மூடிய மென்பொருளிலும் சேர்க்கலாம். ஜிபிஎல் அப்படி விடாது: மாற்றிய நிரலை வழங்குபவர் மூலத்தையும் தந்தாக வேண்டும். 2007-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு இன்னும் கண்டிப்பானது. பாஷ் கட்டளைக்கூட்டின் புதிய பதிப்புகள் அதற்கு மாறியதால், ஆப்பிள் 3.2-ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டு, 2019-இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவில் தளர்வான உரிமம் கொண்ட இசட் ஷெல்லை இயல்பிருப்பாக்கியது. கோப்புப் பகிர்வு மென்பொருளான சாம்பாவும் 2011-இல் நீக்கப்பட்டது.

டார்வினுக்கு வெளியே, சஃபாரி உலாவியின் கதை வேறு. 2003-இல் அறிமுகமான அதன் வலைப்பக்க இயந்திரம், திறந்த மூலத் திட்டமான கேடிஇயின் தன்னார்வலர்கள் எழுதிய கேஎச்டிஎம்எல் நிரலிலிருந்து கிளைத்தது. ஜிபிஎல்லின் தளர்வான வடிவமான எல்ஜிபிஎல் உரிமப்படி ஆப்பிள் தன் மாற்றங்களை வெளியிட்டது, ஆனால் மொத்தமொத்தமாக. அவற்றைப் பிரித்துத் தங்கள் நிரலில் சேர்க்க கேடிஇயினர் திணறினர். சட்டப்படி குறையில்லை, கூட்டுழைப்பு என்று அதைச் சொல்ல முடியாது. மனக்கசப்பு வெளிப்படையாகப் பேசப்பட்ட பிறகே, 2005-இல், வெப்கிட் என்ற பெயரில் உருவாக்கப் பணியே பொதுவெளிக்கு வந்தது. கூகுளின் குரோம் அதைப் பயன்படுத்தி, 2013-இல் பிளிங்க் என்ற தனிக் கிளையாகப் பிரித்துக்கொண்டது. கேடிஇயின் சொந்த உலாவியான கான்கரரும் இப்போது குரோமியம் வழிவந்த இயந்திரத்தில்தான் ஓடுகிறது.