அவுரி நீலம்: புதுச்சேரியிலிருந்து செனகல் வரை

சாயப்பானையில் முக்கி எடுத்த துணி முதலில் பச்சையாகத்தான் தெரியும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். அவுரிச் சாயத்தின் இயல்பு அது. ஒரு முக்குப் போதாது. பிழிந்து, உலர்த்தி, மறுபடி முக்கி, நீலம் கறுப்பை நெருங்கும்வரை விடமாட்டார்கள். பிறகு கஞ்சி போட்டு, மடித்து, மரக்கட்டையால் அடித்து மினுமினுப்பு ஏற்றுவார்கள். புதுச்சேரியில் இப்படி உருவான நீலத்துணிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் 'கினே'. ஆப்பிரிக்காவின் கினிக் கரைக்குப் போகிற சரக்கு என்பதால் அந்தப் பெயர்.

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1664-இல் தோன்றியது. 1674-இல் பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் காலூன்றினார். கம்பெனி கொண்டுவந்தது பெரும்பாலும் வெள்ளி. அந்த வெள்ளி உள்ளூர் வணிகர் கைக்கு வந்து, அவர்களிடமிருந்து முன்பணமாக நெசவாளர் வீட்டுக்குப் போகும். துணி மூட்டையாகத் திரும்பி வரும். புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியான, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமான, ஆனந்தரங்கப் பிள்ளையே பெரிய வணிகர். அவர் நாட்குறிப்பைப் புரட்டுபவர்கள் போரையும் அரசியலையும் தேடுகிறார்கள். கூடவே வரும் துணி மூட்டைக் கணக்குகளையும் நிதானமாகப் படிக்க வேண்டும். போருக்கான காசு வந்த வழி அங்கேதான் இருக்கிறது.

அச்சிட்ட, வரைந்த இந்தியப் பருத்தித் துணியைத் தன் குடிமக்கள் உடுத்தக் கூடாதென்று பிரெஞ்சு அரசு 1686 முதல் 1759 வரை தடை போட்டிருந்தது. ஆனால் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பத் தடையில்லை. மேற்கு ஆப்பிரிக்க வணிகர்கள் துணி அறிந்தவர்கள். ஐரோப்பியர் நீட்டியதையெல்லாம் வாங்கிக்கொள்ளவில்லை, இந்தியத் துணி கேட்டார்கள். ஆகவே சோழமண்டலக் கரையின் துணி பிரான்சுத் துறைமுகங்களில் இறங்கி, நாந்த் போன்ற ஊர்களின் அடிமைக் கப்பல்களில் மறுபடி ஏறியது. ஆப்பிரிக்கக் கரையில் அதைக் கொடுத்து ஆணும் பெண்ணும் குழந்தைகளும் வாங்கப்பட்டார்கள். கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், வழியில் செத்தவர்கள் போக.

நம் கைத்தறியின் பெருமையைப் பேசும்போது ரோமாபுரிக்குப் போன துணியைச் சொல்கிறோம். மனிதர்களுக்கு விலையாகப் போன இந்தத் துணியையும் சொல்லியாக வேண்டும். தறியில் உட்கார்ந்தவர் இதற்குப் பொறுப்பாளி அல்ல. மூட்டை எங்கே போகிறதென்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கப் போவதில்லை. அந்த வணிகத்துக்கு அவருடைய திறமை தேவைப்பட்டது. அவர் எதையும் தெரிந்திருக்கத் தேவைப்படவில்லை.

அடிமை வணிகம் சட்டத்தால் தடுக்கப்பட்ட பிறகும் கினேவின் ஓட்டம் நிற்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் அது செனகல் ஆற்றுக்குத் திரும்பியது. அங்கே பாலைவன ஓரத்தில் வேல மரங்களிலிருந்து பிசின் எடுத்தார்கள். பிரான்சின் துணி அச்சு ஆலைகளுக்குச் சாயத்தைக் குழைக்க அந்தப் பிசின் தேவைப்பட்டது. மூர் இனத் தலைவர்களின் அடிமைகள் மரத்தைக் கீறிப் பிசினைச் சேகரிப்பார்கள். தலைவர்கள் அதை ஆற்றங்கரைச் சந்தைக்குக் கொண்டுவந்து கினேவுக்கு மாற்றுவார்கள். ஒரு துண்டு ஏறத்தாழ 15 மீட்டர் நீளம். உடுத்துவதற்கு மட்டுமில்லாமல் காசாகவும் அதுவே புழங்கியது. இந்திய அச்சுத்துணியோடு போட்டியிட்டு வளர்ந்த ஆலைகளுக்கு வேண்டிய பிசினை, நம் நீலத்துணிதான் வாங்கிக் கொடுத்தது.

பிரான்சின் ரூவான் ஆலைகள் இதேபோல் துணி செய்து பார்த்தன. மூர்கள் அதைக் கையால் தடவினார்கள், மோந்து பார்த்தார்கள், ஒதுக்கித் தள்ளினார்கள். புதுச்சேரித் துணிக்கென்று ஒரு வாசனை இருந்தது. உடுத்தினால் அதன் நீலம் தோலில் ஒட்டும். அதை அவர்கள் விரும்பினார்கள். எந்த ஆலை முதலாளியாலும் அந்த மூக்கை ஏமாற்ற முடியவில்லை என்பது எனக்குப் பிடித்த செய்தி.

ஆனால் வணிகம் வணிகமாகவே நிற்கவில்லை. ஆற்றங்கரைச் சந்தைகளில் பிரெஞ்சு வணிகர்கள் மூர் தலைவர்களுக்கு வரி கட்டிவந்தார்கள். 1854-இல் செனகலின் பிரெஞ்சு ஆளுநரான ஃபெதெர்ப் அந்த ஏற்பாட்டைப் படைகொண்டு முறித்தார். 1855-இல் வாலோ நாடு பறிக்கப்பட்டது. த்ரார்ஸா மூர்களோடு 1858 வரை போர் நடந்தது. துணி மூட்டை போய்ப் பழகிய ஆற்றுவழியில் பீரங்கிப் படகுகள் போயின. அங்கிருந்து ஆப்பிரிக்காவின் உட்பகுதிக்குள் பிரெஞ்சு ஆட்சி பரவியது.

இங்கே புதுச்சேரியில் வேறொரு மாற்றம். 1820-களின் இறுதியில் சவானா மில் எழுந்து, கினேவுக்கான நூலையும் துணியையும் எந்திரத்தில் செய்யத் தொடங்கியது. வீட்டுத் தறியில் இருந்த கைகள் மெல்ல மில் வாசலுக்கு வந்தன. நூறாண்டு கழிந்தும் அந்த வாசலில் வேலை நேரத்துக்கு வரம்பு கேட்க வேண்டியிருந்தது. 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தத்தில் இருந்த தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுக் காவல்படை சுட்டது. 12 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு, 1937-இல், 8 மணி நேர வேலை அங்கே சட்டமானது.