சால்ஸ்பரி வகுப்பறையில் பிறந்த தீவு

போர் முடிந்து 1945-இல் கடற்படையிலிருந்து திரும்பிய வில்லியம் கோல்டிங்குக்கு வயது 34. இங்கிலாந்தின் சால்ஸ்பரி நகரில், பிஷப் வேர்ட்ஸ்வொர்த் பள்ளியில் பழைய ஆசிரியர் வேலை காத்திருந்தது. வீட்டில் மனைவி ஆன், இரண்டு சின்னக் குழந்தைகள், போதாத சம்பளம். தாடியும் கசங்கிய உடையுமாக வகுப்புக்கு வந்த அவருக்குப் பையன்கள் ‘ஸ்க்ரஃப்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். 1934-இல் அவர் வெளியிட்ட கவிதைத் தொகுப்பை யாரும் கண்டுகொள்ளவில்லை. அதற்குப் பிறகு எழுதிய மூன்று நாவல்களும் பதிப்பகங்களுக்குப் போய்த் திரும்பி வந்தன. நான்காவதாக எழுதியதுதான் ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’.

மனிதன் இயல்பிலேயே நல்லவனா, கெட்டவனா என்று பேச்சு எழும் இடத்திலெல்லாம் யாராவது இந்த நாவலை எடுத்துவைப்பார்கள். பெரியவர்கள் இல்லாத தீவில் சிக்கிய பள்ளிச் சிறுவர்கள் வேட்டைக்காரர்களாக மாறி, தங்களில் இருவரைக் கொன்றும் விடுகிறார்கள். ஆகவே மனிதன் அடிப்படையில் மிருகம் என்று முடித்துவிடுவார்கள். மனித குலத்தின் மேல் எழுதப்பட்ட தீர்ப்பாகவே அதைப் படித்துப் பழகிவிட்டோம். அது பிறந்த விதத்தைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அது ஒருவருடைய வாக்குமூலமாகவே தெரிகிறது.

கோல்டிங்கின் அப்பா அலெக் ஒரு பள்ளி ஆசிரியர். அறிவியலும் பகுத்தறிவும் உலகைச் சீராக்கிவிடும் என்று உறுதியாக நம்பியவர். மகனும் ஆக்ஸ்ஃபோர்டில் முதலில் அறிவியல்தான் படித்தார். பிறகு ஆங்கில இலக்கியத்துக்கு மாறினார். அந்த வீட்டின் நம்பிக்கையோடுதான் அவர் 1940-இல் கடற்படைக்குப் போனார். 1941-இல் ‘பிஸ்மார்க்’ என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலைத் துரத்திய படையில் இருந்தார். 1944 ஜூனில் நார்மண்டிக் கரைக்கு அப்பால் ஒரு ராக்கெட் கப்பலுக்குத் தலைமை தாங்கினார். ஏறக்குறைய ஆயிரம் ராக்கெட்டுகளைக் கரையை நோக்கிக் கொட்டக்கூடிய கப்பல் அது. அதே ஆண்டு நவம்பரில் நெதர்லாந்தின் வால்கரன் தீவுத் தாக்குதலில், பக்கத்துக் கப்பல்கள் சிதறுவதைப் பார்த்தார்.

இத்தனையும் பார்த்துத் திரும்பியவர், ‘ஜெர்மானியர்கள் கொடியவர்கள், நாம் நல்லவர்கள்’ என்று சொல்லி ஆறுதல் தேடியிருக்கலாம். வெற்றி பெற்ற நாடு முழுவதும் அன்று அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கோல்டிங்கால் முடியவில்லை. நாஜிகளைத் தன்னால் புரிந்துகொள்ள முடிகிறது, தன் இயல்பும் அந்த வகைதான் என்ற பொருளில் அவர் பின்னாளில் பேசியிருக்கிறார். தன்னைப் பற்றி இப்படிச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? அந்த நாவலின் விதை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அது முளைத்தது கணப்படுப்பின் பக்கத்தில். பிள்ளைகளுக்குத் தீவுச் சாகசக் கதை ஒன்றைப் படித்துக் காட்டிவிட்டு, கணவனும் மனைவியும் நெருப்பருகே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தீவில் மாட்டிக்கொண்ட பையன்கள் உண்மையில் எப்படி நடந்துகொள்வார்களோ அப்படியே ஒரு கதை எழுதினால் என்ன என்று கோல்டிங் கேட்டார். அருமையான யோசனை, எழுது என்றார் ஆன். பின்னாளில் ஒரு கட்டுரையில் இதை அவரே விவரித்திருக்கிறார்.

அவர் மனத்தில் எதிராளியாக நின்ற புத்தகம் ஆர். எம். பாலன்டைன் 1857-இல் எழுதிய ‘தி கோரல் ஐலண்ட்’. ரால்ஃப், ஜாக், பீட்டர்கின் என்ற மூன்று ஆங்கிலேயச் சிறுவர்கள் பசிபிக் தீவு ஒன்றில் ஒதுங்குகிறார்கள். சிரித்த முகத்தோடும் ஒற்றுமையோடும் வாழ்கிறார்கள். கேடெல்லாம் வெளியிலிருந்து வருகிறது: கடற்கொள்ளையராக, நரமாமிசம் உண்ணும் தீவுவாசிகளாக. பேரரசு தன்னைப் பற்றி நம்ப விரும்பியதெல்லாம் அந்தக் கதையில் இருக்கிறது. கோல்டிங் ரால்ஃப், ஜாக் என்ற பெயர்களை வேண்டுமென்றே அப்படியே எடுத்துக்கொண்டார். மூன்றாமவனின் இடத்தில் சைமன் வந்தான். கொள்ளையரும் தீவுவாசிகளும் காணாமல் போனார்கள். அவர்கள் செய்ததை இனிச் சிறுவர்களே செய்தாக வேண்டும்.

எழுதும் நேரம் அவருக்குத் தனியாகக் கிடைக்கவில்லை. பள்ளியின் பயிற்சி நோட்டுகளிலேயே, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே எழுதினார். ஒரு பக்கத்தில் எத்தனை சொல் என்று எண்ணிச் சொல்லும் வேலையைச் சில பையன்களுக்குக் கொடுத்தாராம். ஒருமுறை பையன்களை ஊருக்கு அருகே ஃபிக்ஸ்பரி ரிங் என்ற பழங்கால மண்கோட்டைக்கு அழைத்துப்போய், ஒரு கூட்டம் தாக்கவும் மற்றது காக்கவும் விட்டு, கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் என்ன ஆகிறது என்று கவனித்திருக்கிறார். ஆசிரியர் செய்யத்தக்க காரியமா இது என்ற கேள்வி எனக்கு உண்டு. ஆனால் பிக்கி என்ற குண்டுப் பையனை மற்றவர்கள் சீண்டும் விதம், சங்கைக் கையில் வைத்திருப்பவன் மட்டுமே பேசலாம் என்ற சட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குலையும் விதம், இவையெல்லாம் அந்த நாவலில் இவ்வளவு துல்லியமாக வந்திருப்பதற்கு அன்றாடம் அந்த முகங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்ததும் ஒரு காரணம்.

‘ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஃப்ரம் விதின்’ என்ற பெயரோடு தட்டச்சுப் பிரதி பதிப்பகம் பதிப்பகமாக அலைந்தது. 1953-இல் லண்டனின் ஃபேபர் அண்ட் ஃபேபருக்கு வந்து சேர்ந்தபோது தாள்கள் பழுப்பேறி ஓரம் மடங்கியிருந்தன. அங்கே முதலில் படித்த மதிப்பீட்டாளர், அபத்தம், சுவாரசியமில்லை என்று குறித்து நிராகரிக்கச் சொல்லிவிட்டார். நிராகரித்தவற்றின் குவியலிலிருந்து அதை எடுத்தவர் சார்லஸ் மான்டீத். வழக்கறிஞராக இருந்தவர், பர்மா போரில் காயம்பட்டவர், பதிப்பகத்தில் புதிதாகச் சேர்ந்தவர். தொடக்கப் பக்கங்கள் அவருக்கும் அலுப்பூட்டின. அணுப்போர், குழந்தைகளை வெளியேற்றுவது என்று நீண்டுகொண்டே போயின. சிறுவர்கள் தீவில் கால்வைத்த பிறகு அவரால் பிரதியைக் கீழே வைக்க முடியவில்லை.

மான்டீத் வெட்டச் சொன்னார். போர் வருணனையோடு கூடிய தொடக்கம் போயிற்று. நடுவில் வந்த வான்போரும் சுருங்கியது. எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம் சைமன் விஷயத்தில் நேர்ந்தது. முதல் வடிவத்தில் சைமன் காட்டில் கடவுளையே நேரில் சந்திப்பவன். புனிதன் என்று வெளிப்படையாகவே வரையப்பட்டிருந்தான். மான்டீத்துக்கு அது நம்பும்படியாக இல்லை. கோல்டிங் சம்மதித்துத் திருத்தி எழுதினார். இன்று நாம் படிக்கும் சைமன் வலிப்பு வருகிற, கூச்சம் மிகுந்த, மற்றவர்களால் புரிந்துகொள்ள முடியாத பையன். அவன் காண்பது அருளா நோயா என்று சொல்ல முடியாது.

நாவலுக்கு இதனால் வலு கூடியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘மனிதன் உள்ளுக்குள் இருட்டு’ என்று பிரகடனம் செய்வதாக நாம் நினைக்கும் புத்தகத்தில், அந்த இருட்டுக்கு எதிராக ஆசிரியர் ஏற்றிய விளக்கின் திரி பதிப்பாளரின் மேசையில் குறைக்கப்பட்டது. கோல்டிங் தன் இயல்பில் கண்ட கொடுமையை மட்டும் எழுதவில்லை. அருளையும் அதே தீவிரத்தோடு எழுதியிருந்தார்.

புதுத் தலைப்பைச் சொன்னவர் ஃபேபரின் இன்னொரு பதிப்பாசிரியரான ஆலன் பிரிங்கிள். 1954 செப்டம்பர் 17 அன்று புத்தகம் வெளிவந்தது. அமெரிக்காவில் முதல் பதிப்பு மூவாயிரம் பிரதிகூடப் போகாமல் அச்சிலிருந்தே மறைந்தது. 1959-இல் மலிவுப் பதிப்பு வந்ததும் கல்லூரி மாணவர்கள் கையில் அது பரவியது. 1961-இல் கோல்டிங் பள்ளியை விட்டார். 1983-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த நாவலை மறுக்க இப்போதெல்லாம் ஓர் உண்மைக் கதையைச் சொல்கிறார்கள். 1965 ஜூனில் டோங்கா நாட்டுப் பள்ளி மாணவர்கள் ஆறு பேர் ஒரு படகை எடுத்துக்கொண்டு கிளம்பி, புயலில் சிக்கி, எட்டு நாள் மிதந்து அட்டா என்ற ஆளில்லாத் தீவில் ஒதுங்கினார்கள். பதினைந்து மாதம் கழித்து ஆஸ்திரேலியரான பீட்டர் வார்னர் மீட்கும்வரை, முறைபோட்டு நெருப்பை அணையாமல் காத்தார்கள். சண்டை வந்தால் ஆளுக்கொரு பக்கம் விலகிப்போய்க் கோபம் ஆறித் திரும்பினார்கள். ஒருவனுக்குக் கால் முறிந்தபோது மற்றவர்கள் கட்டுப்போட்டுக் குணமாக்கி, அவன் பங்கு வேலையையும் தாங்களே செய்தார்கள். 2020-இல் டச்சு எழுத்தாளர் ருட்கர் பிரெக்மன் இதை மீண்டும் உலகறியச் சொன்னபோது, கோல்டிங் பொய்த்துவிட்டார் என்று பலர் எழுதினார்கள்.

எனக்கு அந்தச் சிறுவர்கள் மேல் அளவற்ற மரியாதை உண்டு. ஆனால் கோல்டிங் வழக்கு தொடுத்தது டோங்காச் சிறுவர்கள் மீதல்ல. கேடு எப்போதும் அடுத்தவரிடம்தான் இருக்கிறது என்று நம்பி வளர்ந்த தன் சொந்த மக்கள் மீது, முதலில் தன் மீது. அட்டா தீவு ஆளற்றுக் கிடந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 1863-இல் ஒரு கப்பல் வந்து, அங்கே வாழ்ந்தவர்களில் ஏறத்தாழ 144 பேரை அடிமைகளாக விற்கப் பிடித்துக்கொண்டு போனது. மிஞ்சியவர்களை டோங்கா மன்னர் வேறு தீவுக்குக் குடியேற்றினார். நூறாண்டு கழித்து அந்த ஆறு பையன்கள் எரிமலைக் குழியில் கண்டெடுத்துத் தின்ற வாழையும் சேம்பும், பிடித்து வளர்த்த கோழிகளும் அந்த மக்கள் விட்டுப்போனவற்றின் வழிவந்தவை.