சிக்கனமும் சமநீதியும்



மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்று வீட்டிலும் பள்ளியிலும் கேட்டிருப்பீர்கள். அறிவுரை நல்லதே. ஆயினும், யார் குறைப்பது, எவ்வளவு குறைப்பது என்னும் வினாக்களையும் உடன் எழுப்பினாலன்றி அது முழுமை பெறாது. விடை காண, நம் மின்சார வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

1932ஆம் ஆண்டில் நீலகிரியின் பைகாரா ஆற்று நீர், குழாய் வழியே 3,000 அடிக்கு மேல் கீழிறங்கி மின்சாரம் ஈன்றது. அதனால் கோயம்புத்தூரின் நூற்பாலைகள் பெருகின. 1937இல் மேட்டூரும், 1944இல் பாபநாசமும், 1962இல் நெய்வேலியும் மின்சாரம் வழங்கத் தொடங்கின. மின்கம்பிகள் நகரங்களையும் ஆலைகளையும் முதலில் நாடின, சிற்றூர்கள் காத்திருந்தன. 1947இல் இந்தியா முழுவதிலும் மின்சாரம் பெற்றிருந்த கிராமங்கள் ஏறத்தாழ 1,500 மட்டுமே. அன்று ஆண்டொன்றுக்குத் தலைக்கு 16 யூனிட் அளவே கிடைத்தது. எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் எட்டியது என அரசு அறிவித்தது 2018 ஏப்ரலில்தான்.

எங்கள் கீழ்பென்னாத்தூர் வட்டாரம் ஏரியையும் கிணற்றையும் நம்பிய பூமி. மாடுகள் முன்னும் பின்னும் நடந்து கவலை இறைத்த உழைப்பை இங்கே மின்மோட்டார் ஏற்றுக்கொண்டது. நெல்லுக்கும் மணிலாவுக்கும் நீர் பாய்ச்சிய அந்த மின்சாரத்தை ஆடம்பரம் என்று எவர் சொல்வார்?

2012இல் தமிழகத்தைக் கடும் மின்பற்றாக்குறை வாட்டியது. தலைநகரில் நாளொன்றுக்கு 2 மணி நேரமாக இருந்த மின்வெட்டு, பிற மாவட்டங்களில் அதனினும் பன்மடங்காக நீண்டது. அந்நாளில் பள்ளிப் பணியில் இருந்த நான், பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கை நாடியதைக் கண்டேன். குறைவாகப் பயன்படுத்தியோரே மிகுதியாக இழந்தனர். பற்றாக்குறை இயற்கையாக வரலாம். அதைப் பங்கிடும் முறையோ மனிதர் வகுப்பது.

உலக அரங்கிலும் இதே வழக்குத்தான். இன்று இந்தியர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 யூனிட் மின்சாரம். அமெரிக்கருக்கோ 12,000 யூனிட்டுக்கு மேல். இருவரும் சம அளவு குறைக்க வேண்டும் என்பது நீதியாகுமா? 1992இல் ரியோ டி ஜெனிரோவில் கூடிய நாடுகள், புவியைக் காக்கும் பொறுப்பு அனைவருக்கும் பொது, ஆனால் அதன் சுமை ஒரே அளவினதன்று என்னும் நெறியை ஏற்றன.

இந்நெறியைப் பிற நாடுகளுக்கு மட்டும் எடுத்துரைத்து, நாம் விலகி நிற்கலாகாது. ஒரு சிறு கணக்குப் போடுங்கள். 60 வாட் குண்டு பல்பு நாள்தோறும் 5 மணி நேரம் எரிந்தால் மாதத்திற்கு 9 யூனிட். 9 வாட் எல்.இ.டி. விளக்கானால் 1.35 யூனிட். மணிக்கு ஒரு யூனிட் உண்ணும் ஏ.சி. ஓரிரவு 8 மணி நேரம் ஓடினால் 8 யூனிட். ஆக, ஓர் ஏழைக் குடும்பத்தின் விளக்கு ஏறத்தாழ ஆறு மாதம் எரியப் போதுமான மின்சாரம் ஓரிரவில் செலவாகிறது!

2001இல் நம் நாடாளுமன்றம் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் இயற்றியது. மின்சாதனங்களில் நீங்கள் காணும் நட்சத்திரக் குறிகள் அதன் பயன். சட்டம் வழிகாட்டும், நடப்பது நம் கடன். தேவையைச் சுருக்குவது வேறு, விரயத்தை ஒழிப்பது வேறு. மிகுதியாகச் செலவிடுவோர் முதலில் குறைக்கட்டும். இருளில் இருப்போர் முதலில் ஒளி பெறட்டும். சமநீதியோடு கூடிய சிக்கனமே நாட்டுக்கு நலம் தரும்.