உடன் நடந்தவர்கள்: வடசென்னை ஊர்வலங்கள் கற்பித்த பாடம்



துறைமுகமும் ஆலைகளும் மீனவர் குப்பங்களும் நெருங்கிக் கிடக்கும் வடசென்னைக்கு ஊர்வலம் என்பது புதிதன்று. கூலிக்காகவும், குடிநீருக்காகவும், கடலையும் காற்றையும் காப்பதற்காகவும் இப்பகுதி மக்கள் தெருவில் இறங்கி நடந்த வரலாறு நூறாண்டுகளைக் கடந்தது. அவர்தம் கோரிக்கைகளுள் சில வென்றன, பல வெல்லவில்லை. ஆயினும் அவ்வூர்வலங்களில் இன்னொரு விளைவும் இருந்தது. ஒரே தெருவில் வாழ்ந்தும் அறிமுகமின்றி இருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்தனர். அந்த அறிமுகம் பேணப்பட்டதா, கைவிடப்பட்டதா என்பதைப் பொறுத்தே பின்வந்த காலம் அமைந்தது. இதனை மூன்று நிகழ்வுகளின் வாயிலாகக் காண்போம்.

பெரம்பூர், 1918

1918 ஏப்ரல் 27ஆம் நாள் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என இதனை வரலாற்றாசிரியர் பலர் குறிப்பிடுவர். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் இதற்கு வித்திட்டனர். பார்சி வகுப்பைச் சேர்ந்த பி.பி. வாடியா தலைவரானார். திரு.வி.க. தோள் கொடுத்தார். பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் உழைத்த சாதி இந்துக்களும், ஆதிதிராவிடர்களும், முஸ்லிம்களும் ஒரே சங்கத்தில் ஒன்றுகூடினர். நண்பகல் உணவுக்கு விடப்படும் நேரம் போதவில்லை என்பது அவர்களுடைய முதற்குறைகளுள் ஒன்று. பசிக்குச் சாதியும் சமயமும் இல்லை என்பதை அச்சங்கம் மெய்ப்பித்தது.

ஆனால் அந்த ஒற்றுமை நீடிக்கவில்லை. 1921 ஜூன் மாதம் தொடங்கிய வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஆலைக்குத் திரும்பினர். வேலைநிறுத்தத்தில் உறுதியாக நின்ற சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருபுறம், அவர்கள் மறுபுறம் எனப் பகை மூண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டு மாத இறுதியில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அக்டோபரில் தொழிலாளர்கள் நிர்வாகத்தின் நிபந்தனைகளுக்குப் பணிந்தே மீண்டும் ஆலைக்குள் நுழைந்தனர்.

இதனை வாசிக்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. கூட்டத்தில் அருகருகே அமர்ந்தவர்கள் ஒருவர் வீட்டு அடுப்பின் நிலையை மற்றவர் அறியாதிருந்தனர். கூலி நின்றால் எவன் முதலில் பட்டினி கிடப்பான், எவனுக்குக் கடன் கொடுப்பார் எவருமில்லை என்று கேட்டறிந்திருந்தால், பிரிவு அத்துணை எளிதில் நேர்ந்திராது என்றே எண்ணத் தோன்றுகிறது. அன்று பகையில் நின்றவர்களுள் நம் சமுதாயத்தவரும் இருந்தனர் என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. வரலாறு பெருமைக்கு மட்டும் உரியதன்று, படிப்பினைக்கும் உரியது.

வண்ணாரப்பேட்டை, 2020

குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2019 டிசம்பர் மாதம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31ஆம் நாளுக்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவ மக்களுக்குக் குடியுரிமை பெற அது வழி செய்தது. இச்சட்டம் எவருடைய குடியுரிமையையும் பறிக்காது என ஒன்றிய அரசு கூறியது. சமயத்தை அளவுகோலாக்கி முஸ்லிம்களை விலக்குவதும், இலங்கைத் தமிழ் அகதிகளைச் சேர்க்காததும் நீதியன்று என எதிர்த்தோர் கூறினர்.

2019 டிசம்பர் 23ஆம் நாள் எழும்பூரிலிருந்து இராஜரத்தினம் விளையாட்டரங்கம் வரை தி.மு.க.வும் தோழமைக் கட்சிகளும் நடத்திய பேரணியில் பல்லாயிரவர் நடந்தனர். முந்தைய நாள் இரவே உயர்நீதிமன்றம் கூடி, பேரணியை ஒளிப்பதிவு செய்யுமாறு பணித்திருந்தது. பேரணி அமைதியாகத் தொடங்கி அமைதியாக முடிந்தது. நடந்தவர்களுள் பெரும்பாலோர் அச்சட்டத்தால் தமக்கு இழப்பு நேரும் என அஞ்சத் தேவையற்றவர்கள். பிறர் அச்சத்தைத் தம் அச்சமாகக் கொண்டு வந்தவர்கள். டிசம்பர் 29 அன்று பெசன்ட் நகரில் சட்டத்தை எதிர்த்துக் கோலமிட்ட பெண்கள் காவல்துறையினரால் பிடித்துவைக்கப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டனர். நம் வாசல்களில் கோலமிடும் வழக்கமில்லை. எனினும் அக்கோலங்கள் நமக்காகவும் இடப்பட்டவை.

2020 பிப்ரவரி 14ஆம் நாள் பழைய வண்ணாரப்பேட்டையில் கூடியிருந்தோர் மீது தடியடி நிகழ்ந்தது. பொதுமக்களும் காவலர் சிலரும் காயமுற்றனர். அச்செய்தி பரவியதும் அன்றிரவே தமிழகத்தின் பல ஊர்களில் மக்கள் திரண்டனர். வண்ணாரப்பேட்டையில் தொடர் அமர்வு தொடங்கியது. வீட்டை விட்டு அதிகம் வெளிவராத தாய்மார்கள் குழந்தைகளுடன் வந்து அமர்ந்தனர். பிற சமயத்தவரும் பல கட்சியினரும் வந்து உடனிருந்தனர். பிப்ரவரி 17 அன்று ஓர் இளம் இணையரின் நிக்காஹ் அப்பந்தலிலேயே நடைபெற்றது. பிப்ரவரி 19 அன்று தேசியக் கொடிகளுடன் சேப்பாக்கம் நோக்கிப் பேரணி நடந்தது. தலைமைச் செயலக முற்றுகைக்கு நீதிமன்றம் தடை விதித்திருந்தது. சென்றவர்கள் நடந்து, பேசி, அமைதியாகக் கலைந்தனர்.

மார்ச் மாதத்தில் கொரோனா பரவியபோது அமர்வு நிறுத்தப்பட்டது. பிறர் உயிரைக் காப்பதும் அறம் என்பதால் பந்தல் பிரிந்தது. அதன்பின் தமிழகத்தின் பல ஊர்களிலும் கொரோனாவில் இறந்தோரின் உடல்களைச் சமயம் பாராது நல்லடக்கம் செய்ய முஸ்லிம் தன்னார்வலர்கள் முன்வந்தனர். 2021 செப்டம்பர் 8 அன்று தமிழக சட்டமன்றம் அச்சட்டத்திற்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. எனினும் 2024 மார்ச் 11 அன்று சட்டத்தின் விதிகள் அறிவிக்கப்பட்டன. கோரிக்கை வெல்லவில்லை; உடன் நடந்தவர்களின் முகங்கள் மட்டும் நமக்கு மிஞ்சின.

எண்ணூர், 2023

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, படகுகளையும் வலைகளையும் பாழாக்கியது. அத்துயர் ஆறுமுன், டிசம்பர் 26 நள்ளிரவில் ஓர் உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் உறக்கம் கலைந்து, மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மறுநாளே ஆலையை மூடக் கோரி அறப்போராட்டம் தொடங்கியது. பெண்கள் முன்வரிசையில் அமர்ந்தனர். போராட்டம் வாரக்கணக்கில் நீடித்தது. அவர்கள் கேட்டவாறு ஆலை நிரந்தரமாக மூடப்படவில்லை.

அந்நாள்களில் நம்முள் எத்தனை பேர் அப்பந்தலுக்குச் சென்று அமர்ந்தோம்? நச்சுக்காற்று சமயம் கேட்டு வீட்டிற்குள் நுழைவதில்லை. காசிமேட்டு மீன் நம் வீட்டுச் சட்டியிலும் கொதிக்கிறது. அண்டை வீட்டாரின் உரிமை குறித்து ஜும்ஆ பேருரைகளில் நாம் கேட்காத ஆண்டில்லை. நமக்கு அச்சம் வந்தபோது நம்முடன் நடந்தவர்களுக்குத் துயர் வரும்போது அவர்களுடன் நடப்பது கைம்மாறு மட்டுமன்று, கடமையுமாகும்.

1921ஆம் ஆண்டின் பாடமும் இதுவே. ஊர்வலம் ஒரு நாளில் முடிந்துவிடும். அதில் கிடைத்த அறிமுகத்தை மறுநாள் முதல் பேண வேண்டியவர்கள் நாம். நோய், வெள்ளம், விபத்து, மரணம் ஆகிய வேளைகளில் மட்டுமன்றி, சாதாரண நாள்களிலும் நம் தெருவாரின் நலம் விசாரிப்போமாக. அவர்களுடைய குறைகள் இன்னவென்று கேட்டறிவோமாக. அவ்வாறு செய்யும் நல்லெண்ணத்தை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!