பத்திரக் கட்டுக்குள் ஒரு பாட்டு

மால்டாவின் தேசியக் கவி டுன் கார்ம் ஸைலா. ‘டுன்’ என்பது அங்கே பாதிரியாரைக் குறிக்கும் மரியாதை அடைமொழி. 1871இல் ஸெப்பூஜ் என்ற ஊரில் பிறந்து 1894இல் குருப்பட்டம் பெற்றவர். ராபர்ட் சமுட் முன்பே அமைத்திருந்த மெட்டுக்கு 1922இல் அவர் எழுதிய வரிகள்தாம் இன்று அந்நாட்டின் தேசிய கீதம். ஆனால் தாய்மொழியில் அவருடைய முதல் கவிதை அச்சேறியது 1912இல்தான். அதுவரை அவர் இத்தாலிய மொழிக் கவிஞராகவே அறியப்பட்டிருந்தார்.

நாற்பது வயதில் ஒருவர் தாய்மொழிக்குத் திரும்புகிறார் என்றால், அதற்கு முன் அந்த மொழியில் கவிதையே இல்லையா? கேள்வி அபத்தமானதல்ல. மால்டியம் அரபு வழி வந்த மொழி; வீட்டிலும் வயலிலும் புழங்கியது. கோயிலும் நீதிமன்றமும் பத்திரமும் லத்தீனிலும் சிசிலியத்திலும், பிறகு இத்தாலியத்திலும் நடந்தன.

பின்னோக்கிப் போனால் முதலில் எதிர்ப்படுபவர் டுன் கார்மின் ஊர்க்காரரான மிக்கியெல் அன்டோன் வஸல்லி (1764–1829). இலக்கணமும் அகராதியும் கண்டவர். நம் தேடலுக்கு வேண்டியது செய்யுள். இன்னும் ஒரு நூற்றாண்டு பின்னே போனால் போனாமிகோ என்ற மருத்துவர், தீவை ஆண்ட மாவீரர் சபையின் தலைவர் நிக்கோலாஸ் கொட்டோனரைப் புகழ்ந்து எழுதிய கவிதை கிடைக்கிறது. நெடுங்காலம் தடயம் இதோடு நின்றுபோயிருந்தது.

1966இல் அது இரண்டு நூற்றாண்டு பின்னே தாவியது. வாலெட்டாவின் நோட்டரி ஆவணங்களில் வரலாற்றாசிரியர் காட்ஃப்ரி வெட்டிங்கரும் டொமினிக்கன் துறவி மிக்கியெல் ஃப்சாட்னியும் ஒரு பதிவேட்டைப் புரட்டினார்கள். நோட்டரி என்பவர் விற்பனைப் பத்திரம், உயில், சீதன உடன்படிக்கை முதலியவற்றை எழுதிப் பதிபவர். அந்த ஏடு பிரண்டானோ கஷாரோ என்பவருடையது. 1533 டிசம்பரில் தொடங்குகிறது. லத்தீன் வாசகங்களுக்கு நடுவே இருபது வரிகள் மட்டும் லத்தீன் எழுத்தில், மால்டிய மொழியில்!

மேலே லத்தீனில் ஒரு சிறு முன்னுரை. தத்துவ அறிஞரும் கவிஞரும் சொற்பொழிவாளருமான நம் பியத்ரு கஷாரோவின் நினைவாக, முன்பு மால்டிய மொழியில் சொல்லப்பட்ட அவருடைய ‘கான்டிலேனா’ இது என்கிறது அது. கான்டிலேனா என்றால் பாட்டு. பாடுபவன் தன் துயரத்தைச் சொல்கிறான்: ஆழ்கிணற்றில் உடைந்த படிகளில் ஏறியும் இறங்கியும் தவிக்கிறான், நெடுநாள் கட்டிய கட்டடம் சரிந்துவிட்டது, குற்றம் கொத்தனாருடையதல்ல, பாறை இருக்கும் என்று நம்பிய இடத்தில் இளகிய களிமண். பிறகு, இடத்தை மாற்று என்கிறான்.

இனி ஐயங்கள். பியத்ரு 1485இல் இறந்தார். ஏடு தொடங்குவதோ அரை நூற்றாண்டு கழித்து. நம் கையில் இருப்பது மூலமல்ல, படி. குடும்பப் பெருமைக்காகப் பிரண்டானோவே எழுதி முன்னோர் பெயரில் ஏற்றியிருக்கலாமே? ‘தத்துவ அறிஞர், கவிஞர்’ என்ற பட்டங்கள் அந்தச் சந்தேகத்துக்குத் தீனி போடுகின்றன. எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. பெருமை தேடுபவன் ஊரார் பார்க்கும் இடத்தில் வைப்பான்; பத்திரக் கட்டுக்குள் புதைக்கமாட்டான். சொற்களும் பழமைக்குச் சாட்சி: ஏறக்குறைய அனைத்தும் அரபு வேர் கொண்டவை. பிற்கால மால்டியத்தில் பெருகிய சிசிலிய, இத்தாலியச் சொற்களின் சாயலே இங்கு அரிது.

அடுத்த சிக்கல், கட்டடம் சரிந்த நான்கு வரிகள் சிறு மாற்றங்களோடு உடனே திரும்ப வருவது. எழுதுபவர் தடுமாறி, முதலில் எழுதியதை அடிக்காமல் திருத்தி மறுபடி எழுதினாரா? அல்லது பல்லவிபோல் திரும்புவது பாட்டின் அமைப்பா? முன்னுரை ‘எழுதப்பட்ட’ என்னாமல் ‘சொல்லப்பட்ட’ என்பதை இங்கே கவனிக்க வேண்டும். காதால் கேட்டு நினைவில் நின்றதை எழுதும்போது இரண்டு பாடங்களும் அடுத்தடுத்து வந்து விழுவது இயல்பு. ஆகவே நினைவிலிருந்து எழுதியது என்ற பக்கமே நான் சாய்கிறேன்; உறுதி என்று சொல்லமாட்டேன். கண்டெடுத்தவர்கள் 1968இல் அச்சிட்ட வாசிப்பையே பின்வந்த மொழியியலாளர்கள் சில இடங்களில் திருத்தியிருக்கிறார்கள். கையெழுத்து அப்படிப்பட்டது.

டுன் கார்முக்கு இது எதுவும் தெரியாது. 1921 முதல் 1936 வரை நூலகப் பணியில் இருந்தவர், தள்ளாத வயதில் ஆங்கில–மால்டிய அகராதி தொகுத்தவர், 1961 அக்டோபரில் காலமானார். ஏடு திறக்கப்பட்டது அதற்கு ஐந்தாண்டு கழித்து. தம் முன்னோராக வஸல்லியை அவர் கவிதையில் போற்றினார். பியத்ருவின் பெயர் அவர் காலத்துக் கவிஞர் வரிசையில் எங்குமே இல்லை.

மற்ற ஆவணங்களில் பியத்ரு தென்படுகிறார்: நோட்டரியாக, நீதிபதியாக, பழைய தலைநகர் இம்தினாவின் நகர்மன்ற உறுப்பினராக. கவிஞர் என்று அவரைச் சொல்வது பிரண்டானோவின் அந்த ஒரு முன்னுரைதான். ஒரே பாட்டுக்காக ஒருவரைக் குடும்பம் இரண்டு தலைமுறையாகக் கவிஞர் என்று நினைவில் வைத்திருக்குமா? வேறு பாடல்களும் இருந்திருக்க வேண்டும். இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.