புரோக்கன் ஹில் பள்ளியிலிருந்த கிதாபு

1866இல் தோமஸ் எல்டருக்காகக் கராச்சியிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட ஒட்டகங்களும் 31 ஒட்டகக்காரரும் தென் அவுஸ்திரேலியாவில் வந்திறங்கினர். தண்ணீரில்லாத உள்நாட்டில் கம்பளி மூட்டையும் தந்திக் கம்பிச் சாமானும் ஒட்டக முதுகில்தான் போயின. பட்டாணியர், பலூச்சியர், சிந்திகள், பஞ்சாபியர் எல்லோருக்கும் வெள்ளைக்காரன் வைத்த ஒரே பெயர் 'ஆப்கான்'. லொறி வந்ததும் ஒட்டகம் தொல்லையாயிற்று. 1925இல் அழிப்புச் சட்டமே போட்டார்கள். சுட மனமில்லாதவர்கள் அவிழ்த்துவிட்டவைதான் பெருகி இன்று காட்டொட்டகங்களாகத் திரிகின்றன.

பெயர்ப் பிழை மனிதரோடு நிற்கவில்லை. புரோக்கன் ஹில் தகரப் பள்ளிவாசலில் இருந்த கிதாபொன்றைக் குர்ஆன் என்றே குறித்து வைத்திருந்தார்கள். வரலாற்றாய்வாளர் சாமியா காத்தூன் திறந்து பார்த்தால், வங்காளச் செய்யுளில் 'கஸஸுல் அன்பியா', நபிமார் சரிதை! அறபுத்தமிழ்க் கிதாபை அறபென்று நினைத்து மூடிவைக்கிற எங்கட வீடுகளும் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பாலைவனத்தில் வங்காளம் வாசித்த ஒருவரும் இருந்திருக்கிறார். கணக்கில் அவரும் 'ஆப்கான்'தான்.