குழந்தை வன்கொடுமையும் புறக்கணிப்பும்

குழந்தையை வளர்க்கும் பொறுப்பில் இருப்பவரோ, அதன் நம்பிக்கைக்கு உரியவரோ, அதன்மீது அதிகாரம் உள்ளவரோ இழைக்கும் தீங்கே குழந்தை வன்கொடுமை. அடி, உதை, சூடு போன்ற உடல்சார் கொடுமை, பாலியல் கொடுமை, ஓயாமல் இழிவுபடுத்தியும் மிரட்டியும் நடத்தும் மனம்சார் கொடுமை எனப் பல வகைகளில் அது நிகழும். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவது புறக்கணிப்பு: முடிந்தும் சோறு போடாதது, காய்ச்சலுக்கு மருந்து வாங்காதது, பள்ளிக்கு அனுப்பாதது, சின்னக் குழந்தையைத் தனியே விட்டுப் போவது. அடிக்குத் தழும்பு உண்டு. புறக்கணிப்புக்குத் தேதிகூடக் கிடையாது.

மருத்துவர்கள் இதை உரக்கச் சொல்ல நெடுங்காலம் தயங்கினார்கள். 1946-ல் நியூயார்க்கின் ஜான் கேஃபி, மண்டையோட்டுக்குள் இரத்தக்கசிவும் கைகால் எலும்புகளில் முறிவும் சேர்ந்து காணப்பட்ட ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதினார். பெற்றோரைக் குற்றம்சாட்டும் அளவுக்கு அவர் போகவில்லை. 1962-ல் கொலராடோவின் ஹென்றி கெம்ப்பும் சகாக்களும்தான் அதைச் செய்தார்கள். பெற்றோர் சொல்லும் கதை ஒன்றாகவும் எக்ஸ்ரே காட்டும் கதை வேறாகவும் இருந்தால் மருத்துவர் சந்தேகப்பட வேண்டும் என்றது அவர்கள் கட்டுரை. ஐந்தே ஆண்டுகளில் அமெரிக்க மாநிலங்கள் அனைத்திலும் புகார் அளிப்பதைக் கட்டாயமாக்கும் சட்டங்கள் வந்துவிட்டன.

இந்தியாவில் நடுவண் அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசி 2007-ல் வெளியிட்ட ஆய்வே முதல் பெரிய கணக்கு. மூவரில் இருவர் உடல்சார் கொடுமைக்கு ஆளாகியிருந்தனர், 53.22 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமையைச் சந்தித்திருந்தனர். அவற்றைச் செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். ‘அந்நியரிடம் மிட்டாய் வாங்காதே’ என்னும் வீட்டு அறிவுரை எவ்வளவு குறுகியது என்பது இங்கே தெரிகிறது.

தலையீடு பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண், 1996-ல் மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணித் திட்டமாக ஜெரூ பில்லிமோரியாவின் முயற்சியில் பிறந்தது. தன்னார்வ அமைப்புகள் நடத்திவந்த அந்தச் சேவை 2023-ல் அரசின் கைக்கு மாறியது. பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழுவின் முன் கொண்டுவர வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அக்குழு சமூகப் பணியாளரை விசாரிக்கச் சொல்லும். சமூக விசாரணை அறிக்கைக்குப் 15 நாள் அவகாசம்.

அந்த நாட்களில்தான் தொழில்திறன் வெளிப்படும். பணியாளர் வீட்டுக்குப் போகிறார். அடுப்படியையும் குழந்தை படுக்கும் இடத்தையும் பார்க்கிறார். அங்கன்வாடியின் எடைப் பதிவேட்டையும் பள்ளி வருகைப் பதிவேட்டையும் புரட்டுகிறார். பக்கத்து வீட்டாரிடம் பேசுகிறார். முக்கியமாக, குழந்தையிடம் தனியே பேசுகிறார். “அப்பா அடிச்சாரா?” என்று கேட்டால் பதிலை நாமே ஊட்டிவிட்டதாகும், “என்ன நடந்துச்சு, சொல்லுப்பா” என்பதே சரியான தொடக்கம். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று சத்தியம் செய்துவிடவும் கூடாது. காப்பாற்ற முடியாத அந்த வாக்கை மீறிய அன்றே குழந்தையின் நம்பிக்கை போய்விடும்.

இதைச் செய்யாமல் விட்டதன் விலைக்கு லண்டனில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஐவரி கோஸ்டில் பிறந்த எட்டு வயதுச் சிறுமி விக்டோரியா கிளிம்பியே, பாட்டி முறையினரான உறவுக்காரி ஒருவரின் ‘பராமரிப்பில்’ 2000 பிப்ரவரியில் இறந்தாள். உடலில் 128 காயங்கள். நான்கு உள்ளாட்சிகளின் சமூகப் பணித் துறைகளும் இரண்டு மருத்துவமனைகளும் காவல்துறையின் குழந்தைப் பாதுகாப்புப் பிரிவுகள் இரண்டும் அவளை அறிந்திருந்தன. தோலில் இருந்த தடயங்கள் சிரங்கு என்று ஒரு மருத்துவர் முடிவுகட்டினார். பின்னர் அந்தச் சிரங்கு தொற்றிவிடுமோ என்ற பயத்தில் வீட்டுக்குப் போவதும் தவிர்க்கப்பட்டது. ஏழு மாதங்களில் பொறுப்பாளரான சமூகப் பணியாளர் அவளுடன் செலவிட்ட நேரம் மொத்தம் அரை மணிக்கும் குறைவு. லேமிங் பிரபு தலைமையிலான விசாரணை 2003-ல் 108 பரிந்துரைகளைத் தந்தது. காப்பாற்றக் கிடைத்த வாய்ப்புகள் 12 என்றும் எண்ணிக் காட்டியது. தனியொரு பணியாளரைப் பலிகடா ஆக்குவது எளிது. மேற்பார்வையாளர்கள் கோப்பைக்கூட ஒழுங்காகப் படிக்கவில்லை என்பதும் அதே விசாரணையில்தான் வெளிவந்தது.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கலாம். கூலி வேலைக்குப் போகும் தாய் நான்கு வயதுப் பிள்ளையை ஆறு வயது அக்காவிடம் விட்டுச் செல்வது புறக்கணிப்பா, வறுமையா? இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு குழந்தைக்குக் கொடுமை செய்பவருக்கு மூன்றாண்டு வரை சிறை என்கிறது. ஆனால் கைமீறிய சூழ்நிலையால் பெற்ற தாய்தகப்பன் பிள்ளையைக் கைவிட நேர்ந்தால் அதை வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளக் கூடாது என்று அதே பிரிவு விலக்கும் தருகிறது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி. அதற்கு முன்பு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு, உறவினர் வீடு, வளர்ப்புப் பராமரிப்பு எனப் படிகள் உண்டு. ‘மீட்பு’ என்ற சொல்லுக்குச் செய்தித்தாள்கள் தரும் கவர்ச்சி, குடும்பத்தைத் தாங்கிப்பிடிக்கும் இந்த மெதுவான வேலைக்குக் கிடைப்பதில்லை.

பாலியல் கொடுமை என்றால், புகார் செய்வதா வேண்டாமா என்று எடைபோடும் விருப்பத் தேர்வு பணியாளருக்கு இல்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. காவலர் சீருடையில் வந்து வாக்குமூலம் வாங்கக் கூடாது. சாட்சியம் சொல்லும்போது குற்றம்சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது. 2020 விதிகளின்படி நலக்குழு நியமிக்கும் துணை நபர், பெரும்பாலும் ஒரு சமூகப் பணியாளர், விசாரணை தொடங்கி வழக்கு முடியும்வரை குழந்தையுடன் இருப்பார். வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எதிரி ஜாமீனில் வந்துவிட்டாரா, இடைக்கால இழப்பீடு கேட்கலாமா என்பதையெல்லாம் வீட்டாருக்குப் புரியும் மொழியில் சொல்வதும் அவர் வேலை.